நுழைகழியில் சிறு கப்பல், திறந்த கடலில் பெருங்கப்பல்: பல ஆண்டுப் பயணங்களின் பின் ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் ஓய்வூதியத்தோடு இருக்கும் பெற்றோரை வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் கோடையில் அழைத்து, கப்பல் பயணம் ஒன்றுக்கும் காசு கட்டிவிடுவது இப்போது பரவலாகிவிட்டது. எங்கள் மகள் நோர்வேயின் பேர்கன் நகரில் குடியிருப்பதால், நானும் மனைவியும் பல ஆண்டுகளாக அந்நாட்டு நுழைகழிகளுக்குள் சிறு கப்பல்களிலும், திறந்த அத்திலாந்திக்கில் பெருங்கப்பல்களிலும் மாறி மாறிப் போய் வந்திருக்கிறோம். ஊருக்குத் திரும்பியதும் "எது திறம்?" என்று கேட்கும் உறவினர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். கப்பலின் படங்களை ஓரமாக வைத்துவிட்டு, அது போகும் பாதையின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கரையின் காப்பு இல்லாத கடல் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு வருகிறது என்பது தெரிந்தால் பயணம் எப்படி இருக்கும் என்பதில் பெரும்பங்கு விளங்கிவிடும்.

பனிக்கட்டியாறுகள் அரித்த பள்ளத்தாக்கினுள் கடல் புகுந்து உண்டானவையே நோர்வேக்காரர் 'பியோர்ட்' என்று சொல்லும் நுழைகழிகள். அவற்றுள் மிக நீளமான சொக்னே நுழைகழி ஏறத்தாழ 205 கிலோமீற்றர் உள்ளே போகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அனுராதபுரத்துக்குத் தெருவால் போகும் தூரத்தோடு இதனை வைத்துப் பார்க்கலாம். அதன் மிகப் பெரிய ஆழம் 1,300 மீற்றருக்கு மேற்பட்டது. அலையின் உயரம் காற்றின் வேகத்தையும், அது வீசும் நேரத்தையும், தடையில்லாமல் நீர்மேல் ஓடக்கூடிய தூரத்தையும் பொறுத்தது. நுழைகழியில் வளைவுக்கு வளைவு மலை குறுக்கே நிற்பதால் காற்றுக்கு அந்த ஓட்டத் தூரம் கிடைப்பதில்லை. மலையிடுக்கிலிருந்து திடீரென இறங்கும் காற்று தொப்பியைப் பறித்துக்கொண்டு போகும். நீரின் மேற்பரப்பு சுருங்கும். ஆனால் மேசைமேல் வைத்த தேத்தண்ணீர் தளம்பாது. சோளகக் காலத்தில் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு வள்ளத்தில் போய் நனைந்து பழகியவர்களுக்கு, கடலுக்குள் இருந்துகொண்டே இப்படி ஒரு அசைவின்மை இருப்பது முதலில் நம்பிக்கையைத் தராது. எங்கள் பாக்கு நீரிணையில் ஆழம் குறைவாதலால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து அடிக்கும். அத்திலாந்திக்கின் அலையோ நீண்டு, மெதுவாக வந்து, கப்பல் முழுவதையும் தூக்கி இறக்கும். இந்த மூன்று வகையையும் உடம்பு வெவ்வேறாகவே எடுத்துக்கொள்கிறது.

சிறு கப்பலின் உண்மையான பலன் நேரோய் நுழைகழியில்தான் தெரியும். அதன் மிக ஒடுங்கிய இடத்தில் அகலம் ஏறத்தாழ 250 மீற்றர். பெருங்கப்பல்கள் பொதுவாகப் பக்கத்திலுள்ள ஃப்ளோம் துறையில் நின்றுவிட, அவற்றின் பயணிகள் வேறு படகில் ஏறி இதனைப் பார்க்க வருவார்கள். நூறு பேரளவில் ஏற்றும் எங்கள் கப்பல் தானே உள்ளே போனது. இந்த நுழைகழியும் வடக்கே உள்ள கெய்ரங்கர் நுழைகழியும் 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. இவற்றின் பாறைச் சுவர்கள் நீருக்கு மேலே 1,400 மீற்றர் வரை எழுந்து, நீருக்குக் கீழேயும் 500 மீற்றர் வரை இறங்குகின்றன. கரையோரத்திலேயே ஆழம் இருப்பதால் கப்பலைப் பாறைக்குக் கிட்டக் கொண்டுபோக முடிகிறது. ஒரு நாள் மாலுமி ஒருவர் அணியத்தில் நின்று நீண்ட தடியில் கட்டிய வாளியை அருவிக்குள் நீட்டினார். வாளி நிறைந்ததும் தடி வளைந்தது. நின்றவர்கள் எல்லோரும் தெறித்த தண்ணீரில் நனைந்தார்கள். பிறகு அந்தத் தண்ணீரைச் சிறு குவளைகளில் ஊற்றித் தந்தார். பல் கூசும் அளவுக்குக் குளிர். பத்தாம் மாடியில் நின்று ஆயிரக்கணக்கானோரோடு அருவியைப் படம் பிடிப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்துக்கே சிறு கப்பலில் கூடுதல் காசு கொடுக்கிறோம்.

கெய்ரங்கரில் 'ஏழு சகோதரிகள்' என்ற அருவிக்கு எதிரே, செங்குத்துப் பாறையின் விளிம்பில் கைவிடப்பட்ட பண்ணை வீடுகள் தொங்குகின்றன. வரி அறவிட வருபவரைக் கண்டால் அங்கு இருந்தவர்கள் ஏணியை மேலே இழுத்துவிடுவார்களாம். கதை உண்மையோ என்னவோ, ஒலிபெருக்கியில் அதைக் கேட்டதும் எங்களூர்க்காரர் எவரும் சிரிப்பார்.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். "நுழைகழிப் பயணம்" என்று விற்கப்படும் பல பயணங்கள் முழுவதும் நுழைகழிக்குள் நடப்பவையல்ல. சொக்னேயிலிருந்து கெய்ரங்கருக்குப் போக வேண்டுமானால் கப்பல் வெளியே வந்து, ஸ்ராட் என்ற தலைநிலத்தைச் சுற்றியே ஆகவேண்டும். நோர்வேக் கரையின் பெரும்பகுதிக்கு வெளியே தீவுகள் வரிசையாக நின்று அலையைத் தாங்கிக்கொள்கின்றன. ஸ்ராட்டில் அந்தத் தீவுகள் இல்லை. அக்காலக் கடலோடிகள் அந்த முனையைச் சுற்றப் பயந்து, படகுகளைத் தரைவழியே இழுத்துச் சென்ற பாதை இன்றும் இருக்கிறது. அதே காரணத்துக்காக மலையைக் குடைந்து, 1.7 கிலோமீற்றர் நீளத்தில் கப்பல்கள் போகும் சுரங்கம் அமைக்கும் திட்டமும் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. மூன்று நாள் அசையாத நீரில் இருந்து சொகுசுக்குப் பழகிய உடம்பு, ஸ்ராட்டில் சிறு கப்பல் ஆடத் தொடங்கியதும் பெருங்கப்பலில் இருந்ததைவிட மோசமாகத் துன்பப்படுகிறது. முதல் பயணத்தில் அது பிற்பகலில் வந்தது. மதியச் சாப்பாடு பலருக்கு உள்ளே தங்கவில்லை. அடுத்த முறை வேறு ஒரு கப்பலில் அதே முனையை நள்ளிரவுக்குப் பின் கடந்தோம்; மாத்திரை போட்டுப் படுத்திருந்ததால் காலையில் எழும்பும்போது ஓலசுண்ட் துறைக்குக் கிட்ட வந்திருந்தோம். கட்டணம் கட்டுவதற்கு முன்பே ஸ்ராட்டை எத்தனை மணிக்குக் கடக்கும் என்று கேட்டு எழுதி வாங்குவது என் வழக்கமாகிவிட்டது. 1893இல் தொடங்கி, இப்போது பேர்கனிலிருந்து கிர்க்கெனெஸ் வரை 34 துறைகளைத் தொட்டு ஓடும் கரையோரக் கப்பல் சேவையில் போகிறவர்கள் ஸ்ராட்டோடு ஹுஸ்ராட்விகா என்ற காப்பில்லாத கரையோரக் கடலையும், பூடோவிலிருந்து லொஃபோட்டன் தீவுகளுக்குக் கடக்கும் வெஸ்ற் நுழைகழியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது பெயரளவில்தான் நுழைகழி. அகன்று கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது.

பெரிய கப்பல் என்றால் பயமில்லை என்பதும் முழு உண்மையல்ல. 2019 மார்ச் 23இல் வைக்கிங் ஸ்கை என்ற கப்பல், ஏறத்தாழ 1,370 பேரோடு, அதே ஹுஸ்ராட்விகாவில் புயலின் நடுவே என்ஜின்கள் நின்று பாறைகளை நோக்கித் தள்ளப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லாவிட்டாலும், 470க்கும் மேற்பட்டோரை ஹெலிகொப்டரில் ஒவ்வொருவராகத் தூக்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகும் திறந்த கடற்பயணத்தை நான் தள்ளிவிடமாட்டேன். லிஸ்பனிலிருந்து மடெய்ராவுக்கும் அங்கிருந்து கனேரித் தீவுகளுக்கும் போன பெருங்கப்பலில், முதல் துறையைக் காண்பதற்கு முன் ஒரு முழுப் பகலும் இரண்டு இரவுகளும் கடலைத் தவிர எதுவும் இல்லை. அந்தப் பகலைப் போக்கக் கப்பலில் ஏற்பாடு செய்திருந்த ஆட்டமும் பாட்டமும் எங்களுக்குச் சரிவரவில்லை. நான்காம் மாடியின் நடைவழியில், நிழல் விழும் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, நீண்ட அலை ஒன்று அடிவானத்திலிருந்து புறப்பட்டு வந்து கப்பலைத் தொட்டிலை ஆட்டுவதுபோல ஒருமுறை அசைத்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அசைவு கூட முழுதாக வந்து சேர்வதில்லை. கப்பலின் இரு பக்கத்திலும் நீருக்குள் நீளும் செட்டைகள் பக்கவாட்டு உருளலைப் பெரிதும் குறைத்துவிடுகின்றன. முன்னும் பின்னும் எழுந்து விழுவதை அவற்றால் தடுக்க முடியாது. கப்பல் ஓடும்போதுதான் அவை நன்றாக வேலை செய்யும். பழைய சிறு கப்பல்கள் பலவற்றில் அவை இல்லை. இதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

என் மனைவியின் தீர்ப்பு எனக்கு எதிரானது. அவருக்கு முழங்கால் நோவு உண்டு. நுழைகழிக் கப்பலில் ஒவ்வொரு வளைவிலும் ஒலிபெருக்கி அழைக்க, எல்லோரும் மேல்தட்டுக்கு ஓட, தானும் படியேற வேண்டியிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, அங்கை எந்த நேரமும் ஆரோ கூப்பிட்டு எதையோ காட்டிக்கொண்டிருக்கினம், இஞ்சை ஒருதரும் ஒண்டும் காட்டேல்லை, நிம்மதியாய் இருக்கு" என்று மடெய்ராவுக்குப் போகும் வழியில் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நுழைகழியில் கண்ணுக்கு ஓய்வில்லை. ஜூன் மாதத்தில் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் போவதில்லை. நித்திரை கொண்டால் எதையோ தவறவிடுகிறோம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நான்காம் நாளில் அருவிகளைப் பார்த்துச் சலிக்கிறவர்களையும் கண்டிருக்கிறேன்.

முழங்கால் என்றதும் சொல்ல வேண்டியது, சிறு கப்பல்களில் லிப்ட் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கதவுகளின் அடிநிலை தரையிலிருந்து உயர்ந்திருக்கும். குளிக்கும் அறைக்குப் போகவும் அதைத் தாண்ட வேண்டும். இறங்குபாலம் வற்றுக்கும் பெருக்குக்கும் ஏற்பச் சரிவு மாறும். சிற்றூர்களில் துறை இல்லாவிட்டால் ரப்பர் படகில் இறங்க வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்துக்கும் படிக்கும் இடையே காலை எட்டி வைத்துப் பழகியவர்கள் சமாளிப்பார்கள், மற்றவர்கள் கப்பலிலேயே இருந்துவிடுவார்கள்.

கபினைப் பொறுத்தவரை இரண்டு வகைக் கப்பலிலும் ஒரே விதிதான்: நீளவாட்டில் நடுவிலும், உயரவாட்டில் கீழ்த்தட்டிலும் உள்ள அறையில் அசைவு மிகக் குறைவு. யன்னல் பெரிதாக உள்ள மேல்தட்டு அறையை விலை கூட்டி விற்பார்கள். கடல் கெட்டால் முதலில் ஆடுவது அதுதான். தலைச்சுற்று மாத்திரையைச் சத்தி வந்த பிறகு விழுங்கிப் பயனில்லை, அலை தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் ஊரிலேயே வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மனைவி கைப்பையில் கொண்டுவந்த தேசிக்காயை மணந்து பார்த்த இத்தாலியக் கிழவி ஒருவர், மறுநாள் தனக்கும் ஒன்று கேட்டு வாங்கினார்.

சாப்பாட்டில் சிறு கப்பலே மேல். வெள்ளிக்கிழமை மரக்கறி என்று சமையல்காரரிடம் நேரே போய்ச் சொல்ல முடிந்தது. அவர் உருளைக்கிழங்கும் பூக்கோவாவும் மிளகு தூக்கலாகப் பிரட்டித் தந்தார். பெருங்கப்பலில் இந்தியச் சாப்பாடு என்று ஒரு மேசை இருக்கும். உறைப்பைத் தவிர எல்லாம் அதில் இருக்கும்.

தொலைபேசி விடயம் பலர் எதிர்பாராதது. திறந்த கடலில் காசு கட்டினால் செய்மதி வழியே இன்ரநெற் கிடைத்தது; நாங்கள் போன நுழைகழிக் கப்பலில் அது அடிக்கடி அறுந்தது. பூமத்திய கோட்டுக்கு மேலே நிற்கும் செய்மதிகள் அந்த அகலாங்கில் தென்வானில் தாழ்வாகவே தெரியும். இடையில் மலை வந்துவிட்டால் வட்ஸ்அப்பும் நின்றுவிடும். வீட்டில் வயதானவர்களை விட்டுவிட்டு வருகிறவர்கள் இதை முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

காலத்தைத் தெரிவதானால் மே கடைசியும் ஜூனும்தான். பனி உருகுவதால் அருவிகள் நிறைந்து விழும். ஓகஸ்டில் மழை பெய்யாவிட்டால் சில அருவிகள் நூலாகிவிடும். பேர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வதால் நல்ல மழையங்கி இல்லாமல் போகக் கூடாது. இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 10,000 மொத்தத் தொன்னளவுக்குக் குறைந்த பயணிகள் கப்பல்கள், உலக மரபுரிமை நுழைகழிகளுக்குள் 2026 ஜனவரி 1 முதல் புகைக் கழிவின்றியே ஓட வேண்டும் என்பது நோர்வேயின் விதி. பெரிய கப்பல்களுக்கு 2032 வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். விதி முதலில் பிடிப்பது நாம் விரும்பும் சிறு கப்பல்களையே என்பதால், பழைய விளம்பரத்தாளை நம்பாமல், இந்த ஆண்டு அந்தக் கப்பல் கெய்ரங்கருக்கும் நேரோய்க்கும் உள்ளே போகிறதா என்று கேட்க வேண்டும்.

விலையில் ஒளிக்க ஒன்றுமில்லை. எங்களுக்குக் கிடைத்த விலைகளில் சிறு கப்பலின் ஓர் இரவு, பெருங்கப்பலின் இரண்டு இரவுக்கும் சில வேளை மூன்றுக்கும் சமமாக இருந்தது. செலவைப் பகிரப் பயணிகள் குறைவு. நோர்வேயில் சம்பளமும் அதிகம். பெருங்கப்பல் அறையை மலிவாக விற்றுவிட்டு, குடிவகையிலும் சுற்றுலாவிலும் கசினோவிலும் மீதியை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பக்கம் போகாத எங்களைப் போன்றவர்களுக்கு அது இலாபந்தான்.

இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குப் பாதையைத் தீர்மானிப்பதில் விசாவுக்கும் பங்கு உண்டு. நோர்வே நுழைகழிகளுக்கும், ஐஸ்லாந்துக்கும், லிஸ்பன், மடெய்ரா, கனேரித் தீவுகளுக்கும் ஷெங்கன் விசா போதும். பரோ தீவுகளைத் தொட்டால் அவ்விடத்துக்கும் செல்லும் என்று விசாவில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஷெற்லாந்தைத் தொட்டால் பிரித்தானிய விசா வேண்டும். ஸ்வல்பார்ட் நோர்வேக்குரியதாக இருந்தும் ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால், ஒருமுறை நுழையும் விசாவோடு அங்கே போனவர் திரும்பிப் பெருநிலத்துக்குள் வர முடியாது. "நாங்கள் இறங்கமாட்டோம், கப்பலிலேயே இருக்கிறோம்" என்று சொன்னாலும், விசா இல்லாதவரைக் கப்பல் நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்றுவதில்லை. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். அதை வாங்கும்போது, கப்பலிலிருந்து ஹெலிகொப்டரில் கொண்டுபோகும் செலவும் அதற்குள் அடங்குகிறதா என்று பத்திரத்தில் தேடிப் பாருங்கள்.