ஜூபிடர்-8: பதினோரு வருடப் பழக்கம்

ஜூபிடர்-8 ஒரு பழைய சோவியத் கேமரா லென்ஸ். என்னுடையது 2014-ல் உக்ரைனிலிருந்து தபாலில் வந்தது. குவிய தூரம் 50 மி.மீ., ஒளித்துளையை முழுக்கத் திறந்தால் எஃப்/2. மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்தது. வரிசை எண் 61 என்று தொடங்குவதால் 1961-ம் வருடத்துச் சரக்கு. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஃபோகஸ் வளையம்தான் அசையவில்லை. பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருந்தது.

உள்ளூரில் ஒருவரிடம் கொடுத்தேன். கிரீஸ் மாற்றித் தந்தார், வளையம் வெண்ணெய்யாகச் சுழன்றது. ஆனால் மரையைத் தவறான இடத்தில் பிடித்து ஏற்றிவிட்டதால் தூரத்துக் காட்சி எதுவும் ஃபோகஸ் ஆகவில்லை. அப்புறம் நானே கழற்றிப் பழகிக்கொண்டேன்.

என்னிடம் இருப்பது பெஸ்ஸா ஆர் என்ற ஃபிலிம் கேமரா. லைக்காவின் பழைய 39 மி.மீ. திருகு மரை அதில் அப்படியே இருக்கிறது, ஜூபிடரும் அழகாக உட்கார்ந்துவிடும். அதில்தான் ஏமாந்தேன். எஃப்/2-ல், ஒரு மீட்டரில், அப்பாவின் கண்ணைக் குறிவைத்து எடுத்தால் காது முடி துல்லியமாக இருக்கும், கண் கலங்கியிருக்கும். என் கை நடுக்கம்தான் என்று நினைத்து மூன்று ரோல் வீணடித்தேன்.

காரணம் லென்ஸின் பூர்வீகம். ஸைஸ் நிறுவனத்தின் கான்டாக்ஸ் கேமராவுக்காக லுட்விக் பெர்டெலெ வடிவமைத்த ஸோனார் லென்ஸ்தான் இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் கைக்குப் போனது. வடிவத்தோடு கான்டாக்ஸின் 52.4 மி.மீ. குவிய தூரக் கணக்கும் கூடவே போனது. லைக்கா வகைக் கேமராவில் தூரத்தை அளந்து ஃபோகஸ் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டரோ 51.6-ஐ நம்பி அளக்கிறது. தூரத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு மீட்டரில் சுமார் 3 செ.மீ. பின்னால் போய்விடும். அந்தத் தூரத்தில் எஃப்/2 தரும் கூர்மையே முன்னும் பின்னும் சேர்த்து 5 செ.மீ. அளவுதான். திரையில் பார்த்தே ஃபோகஸ் செய்கிற மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

லென்ஸ் தொகுதிக்கு அடியில் ஒரு மெல்லிய வளையம் உண்டு. அதோடு 0.1 மி.மீ. தகடு ஒன்றைச் சேர்த்தேன். கிட்டத்தில் கண் கண்ணாகவே விழுகிறது. தூரத்துக் காட்சி எஃப்/2-ல் கொஞ்சம் மங்கும், துளையைச் சுருக்கி எஃப்/5.6-க்கு வந்தால் சரியாகிவிடும். மலையை யார் எஃப்/2-ல் எடுக்கப் போகிறார்கள்?

எரிச்சல்களும் உண்டு. ஒளித்துளையை மாற்றும் அப்பர்ச்சர் வளையத்தில் 'கிளிக்' இல்லை. போதாததற்கு ஃபோகஸ் திருப்பும்போது அதுவும் கூடவே சுற்றும், எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும். எதிர் வெளிச்சத்தில் படம் வெளுத்துப் போகும், பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் 40.5 மி.மீ. ஹூட் ஒன்று மாட்டியே தீர வேண்டும். ஆனால் மேகமூட்டத்தில், ஜன்னலோரத்தில், கருப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்த முகங்களைப் பார்த்த பிறகு இதை விற்க மனம் வரவில்லை.

சேகரிக்கும் ஆசையில் 2018-ல் இன்னொன்றும் வாங்கினேன். 1956-ம் வருடத்தது, கீறலே இல்லை, பழைய தோல் உறையோடு. விலை முதலாவதைப்போல் இரண்டு மடங்கு. தொடாமல் பத்திரமாக உறையிலேயே வைத்திருந்தேன். சென்னைக் காற்றின் ஈரத்தைத் தோல் குடித்து வைத்துக்கொள்ளும் என்று யோசிக்கவில்லை. இரண்டாவது மழைக்காலம் முடிந்து திறந்தபோது உள் கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை. பையில் உருண்டு, பெயின்ட் உரிந்து கிடக்கும் 61-ல் இன்றுவரை ஒரு புள்ளி இல்லை.