படர்தாமரையும் கும்பகோணத்து மெடிக்கல் ஷாப்பும்

ஊருக்குப் போய்த் திரும்பினால் இங்கே ஜெர்மனியில், கொலோனில் இருக்கும் நண்பர்கள் கேட்பது பேங்க் வேலை முடிந்ததா, பத்திர ஆபீசில் அலைய விட்டார்களா என்பதைத்தான். இந்த முறை இரண்டுமே சுமுகமாக முடிந்தன. பேங்கில் கேஒய்சி பாரத்தை மேனேஜரே வாங்கிச் சரிபார்த்துக் கொடுத்தார். பத்திர ஆபீசில் வில்லங்கச் சான்றை ஆன்லைனிலேயே எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவற்றைப் பற்றி அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது படர்தாமரை பற்றி.

ஆடி மாதத்துக் கும்பகோணத்தில் வியர்வைக்குப் பஞ்சமில்லை. போன கொஞ்ச நாளிலேயே எனக்கு ஜீன்ஸ் பெல்ட் அழுத்தும் இடத்தில் அரிப்பு ஆரம்பித்தது. சிவப்பாக ஒரு வட்டம். ஓரம் தடித்துப் பொரிப்பொரியாக இருந்தது, நடுப்பகுதி மட்டும் சாதாரணத் தோலாகத் தெரிந்தது. பார்த்தவுடனேயே மாமியார், "இது படர்தாமரை மாப்பிள்ளை, சீமை அகத்தி இலையை அரைத்துப் போட்டால் போய்விடும்" என்றார். அவர் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. படர்தாமரை பூஞ்சையால் வருவது. வண்டுகொல்லி என்றும் சொல்லும் அந்தச் செடியின் இலையில் பூஞ்சைக்கு எதிரான சத்துகள் உண்டு, சித்த மருத்துவத்திலும் களிம்பாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அரைத்த இலையில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? லோஷன் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

கேட்டது பூஞ்சையைக் கொல்லும் க்ளோட்ரிமசோல் 1 சதவீத லோஷன். கொலோனில் இருப்பதால் இந்த மருந்தோடு எனக்கு ஒரு பக்கத்து வீட்டு உறவு உண்டு. பக்கத்து ஊரான லெவர்குசனில் இருக்கும் பாயர் கம்பெனி கண்டுபிடித்தது அது, 1973ல் கானெஸ்டன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. என் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், ஒரு நாளைக்குப் பல தடவை அதை எடுத்துக் கொடுப்பவள். அதனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துதான் போனேன்.

கடையில் கூட்டம். கவுன்டரில் இருந்த பையன் நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வேறொரு ட்யூபை எடுத்து வைத்துவிட்டான். "இது போடுங்க சார், ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுடும். எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க." அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். ஒரு பூஞ்சை மருந்து, இரண்டு கிருமிக்கொல்லிகள், கடைசியாக க்ளோபெட்டசோல். தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை அது. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று அதே அட்டையில் அச்சிட்டிருந்தது. சீட்டு வேண்டாமா என்று கேட்டேன். "தோல் க்ரீமுக்கெல்லாம் எதுக்கு சார்?" என்றான். வம்பு எதற்கு என்று மறுபடியும் தனி க்ளோட்ரிமசோல்தான் வேண்டும் என்றேன். ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து எடுத்து, தூசியை ஊதிக் கொடுத்தான்.

பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டம் இல்லாமலும் இல்லை. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு தோல் மருந்துகளைச் சீட்டு கட்டாயம் வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்த 328 கலவை மருந்துகளில் இந்த மாதிரித் தோல் க்ரீம்களும் இருந்தன. இருந்தும் சேர்மானத்தில் ஒன்றை மாற்றிப் புது ட்யூப் வந்துவிடுகிறது. வாங்குபவருக்கும் அரிப்பு நின்றால் போதும்.

வீட்டுக்கு வந்தபோதுதான் மச்சான் சங்கதி வெளியே வந்தது. நான் வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த அதே ட்யூபை அவன் மாதக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறான். போட்டால் அடங்கும், விட்டால் முன்னைவிடப் பெரிதாக வரும். இடுப்பில் ஆரம்பித்தது தொடை, பின்பக்கம் என்று பரவி, வட்டமே இல்லாமல் திட்டுத்திட்டாகக் கிடந்தது. தொடையின் உள்பக்கத்தில், பிரசவம் ஆன பெண்களுக்கு வயிற்றில் விழுவதுபோல, வெளிறிய கோடுகள் வேறு. "டாக்டர்கிட்ட இதைப் போய் எப்படி அத்தான் காட்டுறது?" என்றான். கூட்டிக்கொண்டு போனேன்.

சொல்லியே ஆக வேண்டியது இங்கேதான் இருக்கிறது. கொலோனில் தோல் டாக்டரைப் பார்க்க நாள் கேட்டால் மாதக்கணக்கில் தள்ளித் தருவார்கள். கும்பகோணத்தில் காலையில் போன் செய்து பெயர் சொன்னோம், அன்று சாயங்காலமே டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தோம். மாடிப்படி முழுக்கச் செருப்பு, வாசலில் நீள நோட்டில் பெயர் எழுதும் அக்கா, ஒரே ஒரு மின்விசிறி என்று இடம் சுமார்தான். ஆனால் டாக்டரம்மா அவசரப்படவில்லை. மச்சானைப் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி: "என்ன ட்யூப் போட்டீங்க? கொண்டு வந்திருக்கீங்களா?"

பிறகு பின்னால் இருந்த சின்ன அறையில் பரிசோதனை. திட்டின் நடுவில் தொடாமல் ஓரத்தில் மட்டும் பிளேடின் மழுங்கிய பக்கத்தால் சுரண்டினார். உமி மாதிரி உதிர்ந்ததைக் கண்ணாடித் துண்டில் ஏந்தி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு மூடினார். தோல் செதில்கள் கரைந்து பூஞ்சை மட்டும் தெரிவதற்காகவாம். கொஞ்ச நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் எங்களையும் பார்க்கச் சொன்னார். கலங்கிய பின்னணியில் கிளைவிட்டு ஓடும் மெல்லிய இழைகள். மச்சான் கண்ணை எடுக்கவே இல்லை. அதுவரை ஏதோ சூட்டுக் கட்டி, ரத்தக் கெடுதி என்றெல்லாம் நினைத்திருந்தவன், உயிருள்ள ஒன்று தன் தோலைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் நம்பினான்.

ஸ்டீராய்டு பற்றி டாக்டரம்மா சொன்னது: சிவப்பும் அரிப்பும் உடம்பு பூஞ்சையோடு சண்டை போடுவதால் வருபவை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. "போலீஸை வெளியே அனுப்பிட்டுத் திருடனுக்குச் சாப்பாடு போடுற மாதிரி." மேலே அமைதி, அடியில் பூஞ்சை தாராளமாகப் பரவும், தோலும் மெலிந்துபோகும். தொடையில் இருந்த கோடுகள் அதனால் வந்தவை, முழுக்க மறையாது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

எனக்கு ஒற்றை வட்டம் என்பதால் லோஷனே போதும் என்றார். போடும் விதத்தை இரண்டு இரண்டாக நினைவு வைத்துக்கொள்ளலாம்: நாளைக்கு 2 வேளை, வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை, மறைந்த பிறகும் 2 வாரம். இந்தக் கடைசிதான் முக்கியம், பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவதும் இதில்தான். கண்ணுக்குத் தெரியாமல் ஓரத்தில் மிச்சம் இருப்பது மறுபடி கிளம்பிவிடும். குளித்து, நன்றாகத் துடைத்து, ஈரம் போன பிறகு வெளியிலிருந்து உள்நோக்கித் தடவ வேண்டும். ரோமம் உள்ள இடம், அகலமான இடம் என்றால் லோஷன் சுலபமாகப் பரவும். சொறிந்து புண்ணான இடத்தில் எரியும், அங்கே க்ரீம் மேல். பவுடர் வியர்வையை உறிஞ்சத்தான், அதை மட்டும் நம்பக் கூடாது.

மச்சானுக்கு லோஷனோடு, உள்ளுக்குச் சாப்பிடும் பூஞ்சை மருந்தான இட்ராகோனசோல் கேப்சூலும் எழுதினார். அவன் தினமும் காலையில் கேஸ் மாத்திரை போடுகிறவன். வயிற்றில் அமிலம் குறைந்தால் அந்தக் கேப்சூல் உடம்பில் சரியாகச் சேராது, அதனால் கேஸ் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, கேப்சூலைச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கச் சொன்னார். முன்பெல்லாம் டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்தை எழுதினால் தீர்ந்துவிடும், இப்போது நிறையப் பேருக்கு அது கேட்பதில்லை என்றார். இந்தியாவில் பரவியிருக்கும் புது வகைப் பூஞ்சை அதற்கு மசியாததுதான் காரணம். ஜப்பானில் சிகிச்சைக்கு வந்த இந்திய, நேபாள நோயாளிகளிடம் கண்டு 2020ல் அந்தப் பூஞ்சைக்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மனியிலும் பதிவாகியிருக்கிறது, 2023ல் நியூயார்க்கிலும் கண்டுபிடித்தார்கள். நம்மைப் போல் போய் வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஊரில் வந்த படர்தாமரை இங்கே வந்த பிறகும் போகவில்லை என்றால், இந்தியாவில் ஒட்டிக்கொண்டது என்று இங்குள்ள டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரிய பஞ்சாயத்து மருந்தில் இல்லை, அரைஞாண் கயிற்றில். வியர்வையில் ஊறிக் கறுத்துப்போன கயிறு மச்சானின் இடுப்பில் கிடந்தது. மருந்து போட்டாலும் அதிலிருந்து மறுபடி ஒட்டும், கழற்றுங்கள் என்றார் டாக்டரம்மா. வீட்டில் மாமியார் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஆம்பளை அரைஞாண் இல்லாமல் இருப்பதாவது? மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க." நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கறுப்புக் கயிறு போய் வெள்ளி அரைஞாண் வந்தது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

துண்டு பொதுவில் வேண்டாம், உள்ளாடையை வெந்நீரில் துவைத்து உள்பக்கம் வெளியே தெரிய வெயிலில் காயவைக்க வேண்டும், வீட்டில் அரிப்பு இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். இதெல்லாம் கூடவே சொன்னவை. நான் ஜீன்ஸைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு மிச்ச நாட்களை வேட்டியில் ஓட்டினேன்.

என் பெண்ணின் முதுகில் இருந்த அழுக்குத் தேமலையும் போகிற போக்கில் காட்டினேன். அது வேறு பூஞ்சை, தோலிலேயே எப்போதும் இருப்பது, வியர்வைக் காலத்தில் பெருகுவது. அதற்குக் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு: முதுகில் தடவி 5 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். பூஞ்சை போன பிறகும் வெள்ளைத் திட்டு மாறச் சில மாதம் ஆகும், மருந்து கேட்கவில்லை என்று நினைக்க வேண்டாம் என்றார்.

செலவு என்று பார்த்தால் டாக்டர் ஃபீஸும் பரிசோதனையும் லோஷனும் சேர்ந்து, கொலோனில் குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே சாப்பிடும் காசுகூட ஆகவில்லை. பணம் கட்டிப் பார்க்க முடியாதவர்களுக்கு அரசுத் தலைமை மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவு இருக்கிறது, காலையில் சீக்கிரம் போய் ஓபி சீட்டு வாங்க வேண்டும். தனியார் க்ளினிக் என்றால் காலை 10 மணிக்குள் போன் செய்து பெயர் கொடுத்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கிடையாது. போகும்போது இதுவரை போட்ட ட்யூப் எல்லாவற்றையும், காலி ட்யூபாக இருந்தாலும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.