உராய்வைக் குறைக்க எது: கனிம எண்ணெயா, திரவப் படிகமா?

கனிம எண்ணெயின் மூலக்கூறுகளுக்கு ஒழுங்கு கிடையாது. எந்தப் பக்கமும் திரும்பிக் கிடக்கும். எண்ணெய்ப் படலம் மெலிந்து எஃகு எஃகைத் தொட்டால், உராய்வுக் கெழு (உராய்வு விசையைப் பரப்புகளை அழுத்தும் விசையால் வகுத்த எண்) சுமார் 0.1 வரை ஏறிவிடுகிறது.

திரவப் படிகத்தின் கதை வேறு. திரவம் போல ஓடும், ஆனால் மூலக்கூறுகள் படிகம் போல ஓரளவு ஒழுங்காக நிற்கும். அதன் கோல் வடிவ மூலக்கூறுகள், ஆற்றோடு போகும் மரக்கட்டைகளைப் போல, நகரும் திசையிலேயே அணிவகுக்கின்றன. அந்தத் திசையில் வழுக்குவது எளிது. ஜெர்மனியின் பிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தினர் 1,3-டைகீட்டோன் என்ற, திரவப் படிகத் தன்மையுள்ள கரிமச் சேர்மங்களைக் கொண்டு எஃகுப் பரப்புகளில் உராய்வுக் கெழுவை 0.01-க்கும் கீழே இறக்கிக் காட்டினார்கள். உராய்வியலில் இது அசாத்தியமான எண். ஆனால் முதல் சுற்றிலேயே கிடைத்துவிடாது: பரப்புகள் சிறிது நேரம் தேய்ந்து பழக வேண்டும், அப்போது சேர்மம் இரும்போடு வினைபுரிந்து காப்புப் படலம் அமைக்கிறது.

குறைகள்? விலை அதிகம். வெப்பம் வரம்பு மீறினால் ஒழுங்கு குலைந்து சாதாரணத் திரவமாகிவிடும். ஆகவே கார் என்ஜினுக்கு நான் இன்னும் எண்ணெயைத்தான் சொல்வேன். அழுக்கையும் சூட்டையும் அது தாங்கும். மூடிய, வெப்பநிலை அதிகம் மாறாத சிறு பேரிங் என்றால் திரவப் படிகத்தைத் தயங்காமல் சோதித்துப் பார்க்கலாம்.