அடாபலீன் ஜெல்: ரெண்டு வருஷத்துக்கு மேல பூசின அனுபவம்

முப்பது வயசு தாண்டியும் தாடையோரம் பரு நிக்கல. தோல் டாக்டர் எழுதிக் கொடுத்தது அடாபலீன் 0.1 சதவீத ஜெல். ரெண்டு வருஷத்துக்கு மேல ராத்திரியில பூசிட்டு வர்றேன். நல்ல மருந்துதான், ஆனா அவசரக்காரங்களுக்கு ஆகாது.

முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறது பூசுற விதத்துல. பரு மேல மட்டும் பொட்டு மாதிரி வச்சுட்டுப் படுத்துக்குவாங்க. ரோமக்கால் வாயில செத்த செல்லும் எண்ணெயும் சேர்ந்து அடைச்சுக்காம பார்த்துக்கிறதுதான் இந்த ஜெல்லோட முக்கியமான வேலை. இன்னைக்குக் கண்ணுல படுற பரு, பல வாரத்துக்கு முன்னாடியே உள்ளே அடைப்பா ஆரம்பிச்சது. அதனால பரு இல்லாத இடத்தையும் விடக் கூடாது. முகம் கழுவி, துடைச்சு, நல்லாக் காய்ஞ்ச பிறகு பட்டாணி அளவு எடுத்து நெத்தி, கன்னம், தாடைன்னு பிரிச்சு மெல்லிசாப் பரப்பணும். ஈரத்துல பூசினா எரியும். கண்ணோரம், உதட்டோரம், மூக்கு மடிப்பு பக்கம் போகவே வேண்டாம்.

முதல் மாசம் கன்னம் சிவந்து, தாடை உரிஞ்சு, போதாக்குறைக்குப் புதுப் பரு வேற. "ஒத்துக்கலடி, நிறுத்திடு"ன்னாங்க அத்தை. டாக்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசச் சொன்னார், கூடவே வாசனை இல்லாத மாய்ச்சரைசர். எண்ணெய் வழியிற மூஞ்சிக்கு அது வேறயான்னு வீட்டுல ஒரே சிரிப்பு. அது இல்லாம இந்த ஜெல்லைத் தாங்க முடியாது. மூணாவது மாசம்தான் புதுசா வர்றது குறைஞ்சது. 8 முதல் 12 வாரம் பொறுக்கணும்னு டாக்டருங்க சொல்றது சும்மா இல்ல.

நம்ம ஊர்ல பருன்னா அழுக்கு, உடம்புச் சூடு, மாம்பழம், இந்த மூணு மேலதான் பழி. கரும்புள்ளியில, அதாவது பிளாக்ஹெட்ல, இருக்கிற கருப்பு அழுக்கே இல்ல. அடைப்புல இருக்கிற மெலனின்ங்கிற தோல் நிறமியும் எண்ணெயும் காத்துப் பட்டுக் கருக்கிறது. கடலை மாவைப் போட்டுத் தேய்ச்சா போகாது, தோல்தான் புண்ணாகும். எலுமிச்சைச் சாறு இன்னும் மோசம், அதோட வெயில்ல போனா வெந்து கருத்துடும். ஆனா ஒண்ணு, தலையில வச்ச எண்ணெய் நெத்திக்கு வழிஞ்சா பரு வரும்னு பாட்டி சொன்னது சரிதான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வர்றது மருந்துக்கடையில கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற 'பளிச்' க்ரீம்கள் மேல. பலதுல பீட்டாமெத்தசோனோ குளோபெட்டாசாலோ இருக்கும், ரெண்டுமே ஸ்டீராய்டு. முதல்ல முகம் மினுங்கும், பருவும் அடங்கின மாதிரி இருக்கும். பிறகு தோல் மெலிஞ்சு, சின்னச் சின்ன ரத்த நாளம் தெரிய ஆரம்பிச்சு, பரு கொத்துக் கொத்தாக் கிளம்பும். ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018லயே மத்திய அரசு கட்டுப்பாட்டை இறுக்கிடுச்சு. கடைக்காரங்க கொடுக்கிறதும் நிக்கல, வாங்குறவங்களும் நிறுத்தல.

அடாபலீன்ல குறை இல்லாம இல்ல. பள்ளம் விழுந்த தழும்பு எனக்கு அப்படியேதான் இருக்கு. பரு விட்டுட்டுப் போன கருப்பு மங்கவே பல மாசம் ஆச்சு. பகல்ல சன்ஸ்க்ரீன் போடாம வெளியே போக முடியாது, அந்தச் செலவு ஜெல் செலவை மிஞ்சிடுது. இப்போ வாரத்துக்கு மூணு ராத்திரி போதும்னு டாக்டர் குறைச்சிருக்கார். கர்ப்பமா இருக்கிறவங்களும் அதுக்குத் தயாராகிறவங்களும் இதைத் தொட வேண்டாம். அவங்களுக்கு அசெலாயிக் அமிலம் மாதிரி வேற மருந்து இருக்கு, டாக்டர்கிட்டக் கேளுங்க.