துபாய், சிங்கப்பூர், லண்டன்: வேலை போனால் எந்த ஊர் எப்படி நடத்தும்?

அக்கா மகனுக்கு 27 வயது. சி.ஏ. முடித்து மூன்று வருடமாகச் சென்னையில் ஆடிட் வேலை பார்க்கிறான். போன மாதம் அவன் கையில் இரண்டு ஆஃபர். துபாயில் ஒரு வணிகக் குழுமத்தில் மாதம் 18,000 திர்ஹாம், சிங்கப்பூரில் ஒரு ஃபண்ட் நிறுவனத்தில் 8,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இரண்டையும் தாண்டி மனசு லண்டனில் இருக்கிறது. "சித்தி, பார்த்துச் சொல்லுங்க" என்று ஓர் எக்செல் ஷீட் அனுப்பினான். சம்பளம், வரி, வாடகை, மிச்சம் என்று நான்கு வரிசை, சுத்தமாகப் போட்டிருந்தான்.

நான் கீழே ஐந்தாவதாக ஒரு வரிசை சேர்த்தேன்: "வேலை போனால்?"

துபாயில் ஆறு வருடம், சிங்கப்பூரில் ஆறு வருடம் கணக்குப் பிரிவுகளில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். உள்ளே போவது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வெளியே வரும் நாள் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே மூன்று ஊரையும் பார்க்கிறேன்.

முதலில் துபாய். தனிநபர் வருமான வரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆஃபர் லெட்டரில் 18,000 எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதைத்தான் பலர் பார்ப்பதில்லை. வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி முழுச் சம்பளத்தின் மேல் வராது, பேசிக் மேல்தான் வரும். முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக். அதற்குப் பிறகு 30 நாள். பையனின் லெட்டரில் பேசிக் 7,200, மிச்சமெல்லாம் அலவன்ஸ். ஆக வருடத்துக்கு 5,040 திர்ஹாம் சேரும். அதே 18,000-ல் பேசிக் 10,800 என்று போட்டிருந்தால் 7,560. ஐந்து வருடத்தில் வித்தியாசம் 12,600 திர்ஹாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு மின்னஞ்சலில் கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம் இது. பல கம்பெனிகள் கேட்டால் மாற்றித் தரும். சேர்ந்த பிறகு கேட்டால் நடக்காது.

வாடகைக்கு அங்கே முன்தேதியிட்ட காசோலைகள் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரே நாள் மாலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வருடத்துக்கான நாலு காசோலையையும் எழுதிக் கொடுத்தேன். கை நடுங்கியது. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் அவ்வளவு பணம் இருந்தாக வேண்டும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

எங்கள் பிரிவை மூடியபோது என் பக்கத்து இருக்கைக்காரருக்கு நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. கார் லோன் பாக்கி இருந்தது. கடைசி செட்டில்மென்ட் பணம் கணக்கில் விழுந்ததும் வங்கி அதை நிறுத்தி வைத்துவிட்டது. தன் மகனின் பள்ளிக் கட்டணத்துக்கு எங்களிடம் கைமாற்று வாங்கினார். வங்கியின் மேல் தவறு என்று சொல்ல வரவில்லை, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் கிராஜுவிட்டியை நம்பி லோன் போடாதே என்று அக்கா மகனிடம் இரண்டு முறை சொன்னேன்.

விசா ரத்தானால் முன்பெல்லாம் 30 நாளில் கிளம்ப வேண்டும். 2022-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு விசா வகையைப் பொறுத்து ஆறு மாதம் வரைகூட அவகாசம் கிடைக்கிறது. இது பெரிய நிம்மதி. அந்த ஊரில் வேலை மாறுவதும் சிரமமில்லை, குறிப்பாக இப்போது. 2018-ல் 5 சதவீத வாட் வந்தது. 2023 ஜூனிலிருந்து 9 சதவீத கார்ப்பரேட் டாக்ஸ், 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்தின் மேல். அதுவரை வரி என்ற சொல்லே இல்லாமல் நடந்த குடும்பத் தொழில்களுக்கெல்லாம் திடீரென்று வரி தெரிந்த ஆள் தேவைப்பட்டது. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுப் பழகிய நம் ஊர் சி.ஏ.க்களுக்கு அது நன்றாகவே கை கொடுத்தது.

போவதற்கு முன் ஒரு சின்ன வேலை: பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, டெல்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக அத்தாட்சி வாங்க வேண்டும். என் பி.காம். சான்றிதழின் பின்பக்கம் முழுக்க முத்திரையும் ஸ்டிக்கரும்தான். ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் முன்கூட்டியே தொடங்குவது நல்லது.

இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடுகிறேன். துபாயில் வரி கட்டாததால் இந்தியா அந்தச் சம்பளத்துக்கு வரி போடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இந்தியாவில் மட்டும் 15 லட்சத்துக்கு மேல் வருமானம் வரும் குடிமகனுக்குத்தான் அந்த விதி. அப்போதும் துபாய் சம்பளத்தை அது தொடாது.

சரி, சிங்கப்பூர். வரி இங்கே உண்டு, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. மாதம் 8,000 என்றால் வருடம் 96,000 வெள்ளி. கழிவுகளுக்கு முன் வரி 5,190 தான். சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள். அடுத்த வருடம் நோட்டீஸ் வரும், அப்போது கட்ட வேண்டும். குடிமக்களுக்கும் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்கியவர்களுக்கும் பிடிக்கும் சி.பி.எஃப். என்ற சேமநிதி மற்ற வெளிநாட்டவருக்குக் கிடையாது.

இந்த ஊரில் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி வாங்க 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சம் 5,600 வெள்ளி சம்பளம் வேண்டும், நிதித்துறைக்கு 6,200. ஆனால் இது 23 வயதுக்காரருக்கான தொகை. வயது ஏற ஏற இதுவும் ஏறும். 45-ல் நிதித்துறைக்கு 11,800. 40 வயதைத் தாண்டி நடு மட்டத்தில் நிற்கும் ஒருவருக்குச் சம்பளம் தேங்கிவிட்டால், பாஸ் புதுப்பிக்கும்போது மூச்சு முட்டும். அதோடு காம்பஸ் என்ற மதிப்பெண் முறையும் இருக்கிறது. 40 புள்ளி வேண்டும். நீ சேரும் நிறுவனத்தின் அலுவலர்களில் உன் நாட்டவர் கால் பங்கோ அதற்கு மேலோ இருந்தால், அந்தப் பிரிவில் உனக்குப் பூஜ்யம். இந்தியர் நிறைந்த ஆபீஸ் நமக்கு வீடு போல இருக்கும், பாஸ் விஷயத்தில் அதுவே பாதகம். இதை நேர்காணலிலேயே நாசூக்காக விசாரிக்கலாம்.

வேலை போனால்? பாஸ் ரத்தான பிறகு பொதுவாக 30 நாள். அதற்குள் புது வேலை, புது பாஸ் விண்ணப்பம் எல்லாம் நடக்க வேண்டும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று வரி கிளியரன்ஸ். வெளிநாட்டவர் வேலையை விட்டால், நிறுவனம் ஐ.ஆர்.21 என்ற படிவத்தை ஒரு மாதம் முன்னதாகவே தாக்கல் செய்து, வரித்துறை சரி சொல்லும்வரை தரவேண்டிய பணத்தைப் பிடித்து வைக்க வேண்டும். நான் கிளம்பும்போது கடைசி மாதச் சம்பளம், விடுப்புப் பணம் இரண்டும் இப்படித்தான் நின்றன. சாமான் அனுப்பும் கம்பெனிக்கு முன்பணம் கட்டச் சேமிப்பிலிருந்து எடுத்தேன். இரண்டு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் இல்லாமல் அந்த ஊரை விட்டுக் கிளம்பவே முடியாது.

குடும்பம் என்று வந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். துணையையும் பிள்ளைகளையும் அழைத்துப்போக 6,000 வெள்ளி சம்பளம் போதும். அப்பா அம்மாவை நீண்ட நாள் வைத்துக்கொள்ள 12,000 வேண்டும். 2021 மே மாதத்துக்குப் பிறகு, துணையாக வந்தவர் வேலை பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் தனக்கென்று ஒரு வேலை பாஸ் எடுக்க வேண்டும். எத்தனையோ படித்த பெண்கள் அங்கே வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை "கொஞ்ச நாள் ரெஸ்ட்" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பி.ஆர். கிடைத்தால் நிலைமை மாறும். ஆனால் பெற்றோர் வழியாக பி.ஆர். பெறும் மகனுக்கு தேசிய சேவை (ராணுவம் போன்ற கட்டாயப் பணி) இரண்டு வருடம் உண்டு என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். இத்தனைக்கும் நடுவில், தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் ஊரில் மகள் பள்ளியிலேயே தமிழ் படித்தது எனக்குக் கிடைத்த பெரிய வரம்.

லண்டனில் நான் வேலை பார்த்ததில்லை. தோழி அங்கே இருக்கிறாள், அவளுக்கான கணக்கைப் பலமுறை போட்டுத் தந்திருக்கிறேன். 60,000 பவுண்டு என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். வருமான வரி 11,432, நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் சுமார் 3,210 போனால் கையில் 45,357. மாதம் 3,780 பவுண்டு. பென்ஷன் பிடித்தமும் போனால் அதற்கும் கீழே. விசா எடுக்கும் அன்றே மருத்துவக் கட்டணமும் முன்பணமாகக் கட்ட வேண்டும். பெரியவருக்கு வருடம் 1,035, பிள்ளைக்கு 776. கணவன், மனைவி, ஒரு குழந்தை, மூன்று வருட விசா என்றால் 8,538 பவுண்டு. இதை யார் கட்டுவது என்று ஆஃபர் லெட்டரில் இல்லையென்றால், நீதான் கட்டுகிறாய் என்று அர்த்தம்.

நிறுவனம் ஒருவரை வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய 2025 ஜூலையிலிருந்து பொதுவாக 41,700 பவுண்டு அல்லது அந்த வேலைக்கு அரசு வகுத்த சம்பளம், எது அதிகமோ அது வேண்டும். வேலை போனால் வழக்கமாக 60 நாள் அவகாசம். புது ஸ்பான்சர் கிடைப்பது துபாயில் வேலை மாறுவது போல இல்லை. ஆனால் துணை தடையில்லாமல் வேலை பார்க்கலாம், பிள்ளைக்கு அரசுப் பள்ளி இலவசம். ஐந்து வருடத்தில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி என்பதுதான் இத்தனை நாள் இழுத்த காந்தம். பிரிட்டன் அரசின் 2025 மே மாத வெள்ளை அறிக்கை அதைப் பொதுவாகப் பத்து வருடமாக்கும் யோசனையை வைத்தது. பழைய கணக்கை நம்பி வீட்டை விற்றுவிட்டுப் போகாதீர்கள்.

லண்டனுக்கு நேராக விண்ணப்பிப்பதைவிட உள் இடமாற்றம் நல்லது என்று பலர் சொல்வார்கள். சென்னையிலேயே உலக வங்கி, ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் போன்றவற்றின் பெரிய அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கிருந்து வெளிநாட்டுக்கு மாறிப் போவது எனக்கும் பிடித்த வழிதான். ஆனால் பிரிட்டனில் நிறுவனத்துக்குள் மாறி வருபவர்களுக்கான விசாவில் இருக்கும் வருடங்கள் நிரந்தர அனுமதிக்குக் கணக்கில் வராது. தோழி மூன்று வருடம் கழித்துத்தான் இதைக் கவனித்தாள். அப்புறம் வேறு விசாவுக்கு மாறி, பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

படிப்பு எங்கே செல்லும் என்பதில் சுருக்கமாக: சி.ஏ.வுக்கு துபாயில் நல்ல மரியாதை. இந்தியாவின் சி.ஏ. அமைப்பும் இங்கிலாந்தின் சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் அமைப்பும் தகுதியை ஏற்பது பற்றி 2008-லிருந்தே ஏற்பாடு வைத்திருக்கின்றன. முதலீட்டுப் பக்கம் போக ஆசையென்றால் சி.எஃப்.ஏ. என்ற முதலீட்டுத் துறைத் தகுதி மூன்று ஊரிலும் செல்லும்.

அக்கா மகனுக்கு நான் சொன்னது இது. கல்யாணம் ஆகவில்லை, கடன் இல்லை, வரி வேலையில் கை பழகியிருக்கிறது. துபாய் போ, பேசிக்கை உயர்த்திக் கேள், கார் லோன் வேண்டாம். இதே கேள்வியை 35 வயதில், வேலைக்குப் போகும் மனைவியோடு கேட்டிருந்தால் லண்டன் பக்கம் கை காட்டியிருப்பேன். மகளுக்குத் தமிழ் வேண்டும் என்றிருந்தால், நல்ல சம்பளம் என்ற நிபந்தனையோடு சிங்கப்பூர்.

நேற்று இரவு ஷீட்டைத் திருத்தி மறுபடி அனுப்பியிருக்கிறான். "வேலை போனால்?" என்ற வரிசையை மேலே முதலாவதாக வைத்து, பக்கத்தில் இரண்டு மாதச் செலவுத் தொகையைச் சிவப்பில் போட்டிருக்கிறான். கம்பெனிக்கு பேசிக் பற்றி மின்னஞ்சலும் போய்விட்டதாம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.