வேலட்டிடம் சாவி கொடுக்கலாமா, கூடாதா?

போன வருடம் சென்னையில் ஒரு ஹோட்டலில் நண்பர் மகளுக்கு ரிசப்ஷன். ஏழரை மணிக்கு போர்ட்டிகோவில் காரை நிறுத்தி, நமக்காக வண்டியை எடுத்துப்போய் பார்க் செய்யும் வேலட் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அவன் கிழித்துக் கொடுத்த பாதி டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பத்து மணிக்கு வண்டி திரும்பி வந்தபோது பின் பம்பரின் இடது ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். பேஸ்மென்ட் தூண்களுக்கு அடிப்பார்களே, அந்த மஞ்சள் பெயிண்ட் அதில் அப்பியிருந்தது.

"சார், இது முன்னாடியே இருந்துச்சு" என்றான் பையன். மேனேஜர் வந்தார். டோக்கனைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், வாகனம் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது, சேதத்துக்கும் திருட்டுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று போட்டிருந்தது. பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. வீட்டம்மாவும் "விடுங்க, போலாம்" என்றார். கிளம்பிவிட்டேன். அப்படிக் கிளம்பியதுதான் தப்பு. அந்த டோக்கன் வாசகத்தைப் பார்த்து நான் பயந்திருக்கவே வேண்டியதில்லை என்பது பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது.

ஹோட்டல் வாசலில் நமக்கு மூன்று வழிகள் உண்டு: வேலட்டிடம் கொடுப்பது, நாமே பார்க் செய்வது, வண்டியே எடுக்காமல் டாக்சியில் போவது. மூன்றாவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கல்யாண சீசனில், அதுவும் பார்க்கிங் இல்லாத தெருவில் ஹோட்டல் இருந்தால், அதுதான் நிம்மதி. மற்ற இரண்டையும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வசதியைப் பொறுத்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டம் பார்ப்பது சாவியை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 148ஆம் பிரிவு, ஒரு பொருளை இன்னொருவரிடம் நம்பி ஒப்படைத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறது. பட்டுப்புடவையை டிரை கிளீனிங்குக்குப் போடுவது இந்த வகை. வேலட்டிடம் சாவி கொடுப்பதும் அதேதான். அப்படி வாங்கிக்கொண்டவர், சாதாரண புத்தியுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அந்த அளவு கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு.

இதை வைத்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று இருக்கிறது. 1998 ஆகஸ்ட் 1, இரவு பதினொரு மணி வாக்கில் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலுக்கு ஒருவர் மாருதி ஜென் காரில் போய் வேலட்டிடம் சாவியைக் கொடுக்கிறார். ஒரு மணிக்கு வெளியே வந்தால் கார் இல்லை. நடந்தது என்னவென்றால், வேறொரு காரில் வந்த மூன்று பையன்கள் தங்கள் வண்டியை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். வேலட் அந்த வேலையில் இருந்த நேரத்தில் மேஜையில் கிடந்த ஜென்னின் சாவியை எடுத்துக்கொண்டு, அதை ஓட்டிப் போய்விட்டார்கள். அவ்வளவு பெரிய ஹோட்டலில், சாவி மேஜை மேல் கிடந்திருக்கிறது!

இன்சூரன்ஸ் நிறுவனமான யுனைடெட் இந்தியா 2.80 லட்சம் ரூபாயைக் கார்க்காரருக்குக் கொடுத்துவிட்டு, அவரையும் சேர்த்துக்கொண்டு ஹோட்டல் மேல் நுகர்வோர் வழக்குப் போட்டது. ஹோட்டலின் பிடி, நம் மேனேஜர் காட்டியது போன்ற அதே டோக்கன் வாசகம்தான். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலட்டிடம் சாவி கைமாறிவிட்டால், வண்டியை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டியது ஹோட்டலின் கடமை. அது முடியாமல் போனால், தங்கள் மேல் அசட்டை இல்லை என்று ஹோட்டல்தான் முதலில் காட்ட வேண்டும். டோக்கனில் எதை அச்சடித்தாலும், தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஹோட்டல் கழன்றுகொள்ள முடியாது. இலவச சேவைதானே என்ற வாதமும் எடுபடவில்லை. மூன்றாம் நபர் செய்த, ஹோட்டலால் தடுத்திருக்கவே முடியாத காரியம் என்றால், அல்லது விருந்தினரும் அசட்டையாக இருந்திருந்தால், அந்த வாசகத்துக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. தூணில் இடிப்பது அந்தக் கணக்கில் வராது.

நாமே பார்க் செய்தால்? சாவி நம் பையில், வண்டி நம் கட்டுப்பாட்டில். இடத்தை உபயோகித்துக்கொள்ள ஹோட்டல் அனுமதி தந்தது, அவ்வளவே. வண்டியை யாரும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. பக்கத்துக் கார்க்காரர் கதவைத் திறந்து இடித்துவிட்டுப் போனால் ஹோட்டலைப் பிடிப்பது கஷ்டம். பார்க்கிங்குக்குத் தனியாகக் கட்டணம் வாங்கியிருந்தால் சேவைக் குறைபாடு என்று வாதாட இடம் இருக்கிறது, ஆனால் வேலட் வழக்கின் பலம் அதற்கு வராது.

ஆக, சட்டப்படி வேலட்தான் நமக்குப் பாதுகாப்பு, நடைமுறையில் சொந்த பார்க்கிங்தான் பாதுகாப்பு. பேஸ்மென்ட் வளைவில் நம் வண்டியின் மூக்கு எங்கே முடிகிறது என்பது நமக்குத் தெரிந்த மாதிரி, ஒரு ராத்திரியில் நூறு கார் எடுக்கும் பையனுக்குத் தெரியாது. கிளட்ச் ஒவ்வொரு வண்டியில் ஒவ்வொரு இடத்தில் பிடிக்கும். அவனைக் குறை சொல்லியும் பிரயோஜனம் இல்லை. திருடுபோவதை நினைத்தால் வேலட் பரவாயில்லை, கீறலை நினைத்தால் நாமே நிறுத்துவது மேல் என்பது என் கணக்கு.

சரி, வேலட்டிடம் கொடுத்தாயிற்று, அடியும் பட்டாயிற்று. இப்போது ஹோட்டலைக் கேட்பதா, இன்சூரன்ஸில் போடுவதா? எல்லோரும் சட்டென்று சொல்வது இன்சூரன்ஸ். நானும் மறுநாள் காலை அதைத்தான் நினைத்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்டால் கதை வேறு.

டிங்கரிங், பெயிண்டிங் சேர்த்து 4,500 ரூபாய் என்றார் ஒர்க்‌ஷாப்காரர். 1500 சிசி வரையிலான கார்களுக்குக் கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, 1,000 ரூபாய். மிச்சம் 3,500. தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் ஆட்-ஆன் எடுக்காத பாலிசி என்றால் பெயிண்ட் தேய்மானத்தில் இன்னும் கொஞ்சம் போகும், பம்பரையே மாற்றினால் பிளாஸ்டிக் என்று அதன் விலையில் பாதியைக் கழித்துவிடுவார்கள். இதற்குப் பதிலாக நாம் இழப்பது நோ கிளெய்ம் போனஸ், கிளெய்ம் போடாமல் இருந்ததற்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடத்துக்கு வருடம் ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் மறுபடி பூஜ்யம். எனக்கு அப்போது 35, அடுத்தது 45. இந்தத் தள்ளுபடி கணக்காவது சொந்தச் சேத பிரீமியத்தில், அதாவது நம் வண்டிக்கு வரும் சேதத்துக்காகக் கட்டும் பகுதியில்; தள்ளுபடிக்கு முன் எனக்கு அது சுமார் 12,000. அடுத்த வருடமே 5,400 ரூபாய் தள்ளுபடி போகும். அதற்கடுத்த வருடம் 50 கிடைக்க வேண்டிய இடத்தில் 20, அதில் இன்னொரு 3,600. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காக ஒன்பதாயிரத்தை விடுவதா? கிளெய்ம் போட்டாலும் போனஸைக் காப்பாற்றும் ஆட்-ஆன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். எனக்கு இல்லை.

அதனால் கீறல், சின்ன ஒடுக்கு என்றால் ஹோட்டலிடமே நின்று கேளுங்கள். அங்கேயே, அப்போதே. வண்டியை போர்ட்டிகோவை விட்டு எடுக்காமல் டூட்டி மேனேஜரை வரவழைத்து, சிசிடிவியில் வண்டி உள்ளே வந்த காட்சியைப் போடச் சொல்லி, டோக்கன் எண்ணோடு கைப்பட ஒரு புகார் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். "வேலட் காண்ட்ராக்ட் சார், ஏஜென்சியைக் கேளுங்க" என்பார்கள். நாம் சாவி கொடுத்தது ஹோட்டல் வாசலில், ஹோட்டலின் விருந்தினராக. ஏஜென்சியோடு கணக்குத் தீர்ப்பது அவர்கள் பாடு. கல்யாண மண்டபங்களில்தான் இது சிக்கல். அங்கே வேலட்டைச் சில சமயம் மண்டபம் வைத்திருக்கும், சில சமயம் ஈவென்ட்காரர் கூட்டி வந்திருப்பார், யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கை காட்டுவார்கள். பெண் வீட்டாரிடம் போய் நிற்கவா முடியும்?

பெரிய அடி, அல்லது வண்டியே போய்விட்டது என்றால் தலைகீழ். அப்போது இன்சூரன்ஸ்தான் முதல் வழி, யோசிக்கவே வேண்டாம். உடனே தகவல் சொல்லி, திருட்டு என்றால் எஃப்ஐஆர் போட்டு, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் பழுது பார்க்காமல் விட வேண்டும். பணத்தைக் கொடுத்துவிட்டு ஹோட்டலைத் துரத்துவது நிறுவனத்தின் வேலை, அந்த ஜென் வழக்கில் நடந்த மாதிரி. இடையில் ஹோட்டல் ஏதோ ஒரு தொகையை நீட்டி, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கப் பார்த்தால் கையெழுத்துப் போடாதீர்கள். இன்சூரன்ஸ்காரர்களின் துரத்தும் உரிமையை நீங்களே அடைத்த மாதிரி ஆகும், அவர்கள் உங்கள் கிளெய்மிலேயே கை வைக்கலாம். அப்புறம், காருக்குள் விட்ட லேப்டாப், நகை எதுவும் சாதாரண மோட்டார் பாலிசியில் வராது.

நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. சம்பவம் நடந்த இரண்டு வருடத்துக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆன்லைனிலும் முடியும். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் 1998இல் காணாமல் போன காருக்கு 2019இல்தான் கடைசித் தீர்ப்பு வந்தது என்பதை மறக்க வேண்டாம். 4,500 ரூபாய்க்கு அங்கே போக எனக்குத் தெம்பில்லை. கைக்காசைப் போட்டுத்தான் பெயிண்ட் அடித்தேன்.

இப்போதும் மழை பெய்தால், அம்மா கூட வந்தால், வேலட்டிடம்தான் கொடுக்கிறேன். இறங்கியதும் போனை எடுத்து வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ, கடைசியில் கிலோமீட்டர் ரீடிங். முப்பது விநாடிகூட ஆகாது. போன மாதம் ஒரு பையன் சாவிக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றவன், நான் முடிக்கப் போவதைப் பார்த்துவிட்டு, "சார், அந்தப் பக்க வீல் கப்பையும் எடுத்துக்கோங்க, அது உடைஞ்சிருக்கு" என்றான். குனிந்து பார்த்தேன். உடைந்துதான் இருந்தது, எனக்கே தெரியாது.