புளியாரை: கையால் பிடுங்குவதா, களைக்கொல்லியா?

புல்தரையில் புளியாரை புகுந்துவிட்டால் பெரும்பாலோர் இரண்டு வழிகளைத்தான் யோசிக்கிறார்கள்: கையால் பிடுங்குவது, அல்லது புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்தைத் தெளிப்பது.

சிறிய தரை என்றால் கையால் எடுப்பதையே சொல்வேன், ஆனால் பொறுமை வேண்டும். இதன் தண்டு தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடுகிறது. வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். மண்ணில் தங்கிய துண்டு மறுபடி தழைக்கும். தரையை நன்றாக நனைத்துவிட்டு, சிறு களைக்கொத்தால் வேரோடு நெம்பி எடுங்கள். அதைவிட முக்கியம், காய் முற்றுவதற்கு முன்பே எடுப்பது. முற்றிய காய் தொட்டாலே வெடித்து விதைகளைத் தெறிக்கவிடும். அதன்பின் பிடுங்குவது விதைப்பதற்குச் சமம்.

பெரிய பரப்புக்கு மருந்துதான் நடைமுறை. ஆனால் பலரும் நம்பும் 2,4-டி என்ற களைக்கொல்லி மட்டும் புளியாரையை முழுதாக அடக்காது. டிரைக்ளோபிர் என்ற இன்னொரு களைக்கொல்லி அதைவிட நன்றாக வேலை செய்யும். அதுவோ அறுகம்புல்லையும் வாட்டக்கூடியது. உங்கள் தரையில் இருப்பது எந்தப் புல் என்று தெரியாமல் புட்டியைத் திறக்காதீர்கள். காற்று வீசும்போது தெளிக்கவும் கூடாது. சாரல் பட்டால் பக்கத்துத் தக்காளிச் செடியின் இலைகள் சுருண்டுவிடும்.

எந்த வழியானாலும் புல்லை ஒட்ட வெட்டாதீர்கள். அடர்ந்த புல்லின் நிழலில் புளியாரை விதைகள் முளைப்பது குறைவு.